பெர்த் மணலில் புதைபானை: இரண்டு கோடை பார்த்த பிறகு

ஆறு பானை வாங்கினேன். ஒவ்வொன்றும் ஆறரை லிட்டர் பிடிக்கும். உருண்டை வயிறு, குறுகிய கழுத்து, மேலே தொப்பி மாதிரி ஒரு மண் மூடி. கழுத்து மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குப் பாத்தியில் புதைத்துத் தண்ணீரை நிரப்பிவிட்டால், சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வேருக்குப் போகும். இங்கே ஆஸ்திரேலியாவில் இதை 'ஓயா' என்ற ஸ்பானியப் பெயரில் விற்கிறார்கள். நம் ஊரில் பானைப் பாசனம் என்பது இதைத்தான். ஒரு பானை 42 டாலர், அனுப்பும் செலவு தனி. 2023 அக்டோபரில் வாங்கினேன்.

முதல் கோடை முடிந்ததும் இதை எழுதியிருந்தால், காசை வீணாக்காதீர்கள் என்று நாலு வரியில் முடித்திருப்பேன். இப்போது இரண்டாவது கோடையும் முடிந்துவிட்டது. அதே பானை, அதே இடம், அதே கத்தரி விதை. ஆனால் என் கருத்து அப்படியே மாறிவிட்டது. இடையில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் இந்தப் பானையை வாங்கலாமா வேண்டாமா என்று உங்களால் முடிவு பண்ண முடியும்.

எங்கள் வீடு மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தின் தெற்கே, கேனிங் வேல் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது சாத்தூர் அருகே கரிசல் காட்டில். இங்கே வந்த முதல் சில வருடம் தோட்டத்தில் எதைப் போட்டாலும் தப்பாகப் போனதற்குக் காரணம் மனதில் ஊறிப்போன ஊர்க் கணக்குதான். ஆடிப்பட்டம் தேடி விதைத்துப் பழகிய கைக்கு, மழை குளிர்காலத்தில் பெய்யும், வெயில் காலத்தில் வானம் வாயே திறக்காது என்பதை ஏற்றுக்கொள்ளவே நாளாகிறது. பெர்த்தின் மழை பெரும்பாலும் மே முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். செடி தண்ணீருக்கு ஏங்குகிற டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. மத்தியதரைக்கடல் பருவநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான் என்று பிற்பாடு புரிந்தது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்கள் வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். பிராக், புனுரு என்ற இரண்டும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெயில் காய்கிற பருவங்கள். ஜெரானில் வெயில் தணிகிறது. மகுரு என்றால் மழையும் குளிரும். கோடை, குளிர் என்று இரண்டாகப் பார்ப்பதைவிட இந்த ஆறு பருவம் தோட்டக் கணக்குக்கு எவ்வளவோ பொருந்துகிறது.

தண்ணீருக்கும் கட்டுப்பாடு உண்டு. குழாய்த் தண்ணீரில் ஓடும் தெளிப்பானை வாரத்தில் இரண்டு நாள்தான் போடலாம். எந்த நாள் என்பது வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. அதுவும் காலை 9 மணிக்கு முன், இல்லையென்றால் மாலை 6 மணிக்குப் பின். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மொத்தமாக நிறுத்திவிட வேண்டும். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. 1970-களுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் மழை குறைந்துகொண்டே வந்து, அணைகளுக்கு ஓடிவரும் தண்ணீர் பழைய அளவில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. 2006-இல் குவினானாவிலும் 2011-இல் பின்னிங்கப்பிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கட்டி ஊரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கடலைச் சுத்திகரித்து வீட்டுக் குழாய் வரைக்கும் கொண்டுவந்த தண்ணீரை மணலில் கொட்டி வீணடிக்கிறோமே என்ற உறுத்தல்தான் என்னைப் பானை வாங்க வைத்தது.

பானையோடு ஒரு குறிப்புத்தாள் வந்தது. எந்த மண்ணானாலும் சரி, புதைத்து நிரப்பி மறந்துவிடலாம், 70 சதவீதம் தண்ணீர் மிச்சம் என்று இருந்தது. மூன்று மீட்டர் நீளம், ஒன்றே கால் மீட்டர் அகலமுள்ள பாத்தியில் இரண்டு வரிசையாக ஆறையும் புதைத்தேன். சுற்றிலும் கத்தரி, மிளகாய், தக்காளி, ஓரத்தில் இரண்டு பாகல். முதல் நாள் நிரப்பிவிட்டு மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தால் அடியில் இரண்டு விரல் தண்ணீர்தான் மிச்சம். பரவாயில்லை, மண் இழுத்துக்கொள்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் செடி நாளுக்கு நாள் வாடியது. தினமும் நிரப்புகிறேன், தினமும் காலியாகிறது, இலை தொங்கிக்கொண்டே இருக்கிறது.

பெர்த்தில் இருப்பவர்களுக்கு 2023-24 கோடையை நினைவுபடுத்த வேண்டியதில்லை. அக்டோபருக்குப் பிறகு ஏப்ரல் முடிகிற வரை பெயர் சொல்லும்படி ஒரு மழை இல்லை. பிப்ரவரியில் மட்டும் ஏழு நாள் 40 டிகிரியைத் தாண்டியது, எந்த மாதத்திலும் அதற்கு முன் அப்படி ஆனதில்லை. சாலையோரப் புதர்க்காடும், வருடக்கணக்காக நின்ற யூகலிப்டஸ் மரங்களும் நின்ற நிலையில் பழுப்பாகிக் காய்ந்தன. அந்தப் பிப்ரவரியில் என் ஆறு பானைக்கும் நடுவில் பதினாலு கத்தரிச் செடியில் ஒன்பது போய்விட்டது. மிச்சம் ஐந்தை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றித்தான் பிழைக்க வைத்தேன். அப்படி ஊற்றுவதற்கு எதற்குப் பானை?

ஒருநாள் கோபத்தில் ஒரு பானையின் பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தேன். அதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பானையைத் தொட்டுக்கொண்டிருந்த மணல் ஒரு விரல் கனத்துக்கு ஈரமாக, கறுப்பாக இருந்தது. அதைத் தாண்டி ஒரு சாண் தள்ளி மணல் சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் ஆழத் தோண்டினால், பானைக்கு நேர் கீழே மட்டும் ஈரம் ஒரு குழாய் மாதிரி இறங்கிப் போயிருந்தது. என் முழங்கை ஆழத்துக்கும் கீழே போய்க்கொண்டே இருந்தது. வேருக்குப் போக வேண்டிய தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகப் பாதாளத்துக்குப் போயிருக்கிறது. காய்ந்த மணலை ஒரு கை அள்ளித் தட்டில் போட்டு அதன் மேல் ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நின்றது. நான் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. தட்டைச் சாய்த்ததும் முத்துகள் மணல் தூசியைப் பூசிக்கொண்டு உருண்டு ஓடின.

பெர்த்தைச் சுற்றியுள்ள கடலோரச் சமவெளி மணலின் குணம் இது. யூகலிப்டஸ், பேங்ஸியா மாதிரியான செடிகொடிகளின் சருகு மக்கும்போது வருகிற மெழுகு மணல்துகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகிறது. மணல்துகள் பெரிது, அதனால் மொத்தப் பரப்பு குறைவு. கொஞ்சம் மெழுகே எல்லாத் துகளையும் மூடப் போதும். களிமண்ணில் அப்படி ஆகாது. துகள் மிக நுண்ணியது, பரப்பு பல மடங்கு, மெழுகு மூடித் தீராது. ஒரு முறை நன்றாகக் காய்ந்த மணல் அடுத்த முறை தண்ணீரை உள்ளே விட மறுக்கிறது. விட்டாலும் ஒரே தடத்தில் ஓட விடுகிறது.

அம்மாவிடம் வீடியோவில் இதைக் காட்டிப் புலம்பினேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சாத்தூர்க் காட்டை விட்டுத் தாண்டி அதிகம் போனதில்லை. "பானையைப் புதைச்சா மட்டும் போதுமாடி? மண்ணு குடிக்கணும்ல? குடிக்காத மண்ணுல பானை என்ன செய்யும், பாவம்" என்றார்கள். பிறகு, "நம்ம வீட்டுத் தண்ணிப் பானை வேர்க்கும்ல, அது காத்து குடிக்கிறதால வேர்க்குது. மண்ணு குடிச்சாத்தான் இதுவும் வேர்க்கும்" என்றும் சொன்னார்கள். அதையே புத்தக மொழியில் சொன்னால் இப்படி வரும்: பானைச் சுவரில் உள்ள நுண்துளை வழியாகத் தண்ணீரை வெளியே இழுப்பது சுற்றியுள்ள மண்ணின் உறிஞ்சு விசை. மண் காய்ந்தால் இழுவை கூடும், நனைந்தால் குறையும். அதனால்தான் செடிக்குத் தேவையான அளவே கசிகிறது. இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான். மணலுக்கு அந்த இழுவை குறைவு. மெழுகு பூசிய மணலுக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை.

பக்கத்து வீட்டில் ஒரு இத்தாலியத் தாத்தா. கலாப்ரியாவிலிருந்து இளவயதில் வந்தவர். அவர் ஊரிலும் இதே கதைதான், குளிரில் மழை, கோடையில் வறட்சி. அவர் தோட்டத்தில் அத்தியும் ஆலிவும் திராட்சையும் வேரை ஆழத்துக்கு விட்டு நிற்கின்றன, கோடையில் அவற்றுக்கு அவர் தண்ணீர் காட்டுவதே அபூர்வம். என் பாத்தியை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, கோடையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதெல்லாம் மழைக்காலத்தில்தான் என்று சொன்னார். ஏப்ரல் 25, போரில் இறந்தவர்களை இங்கே நினைவுகூரும் அன்சாக் நாள், அவருக்கு அவரைக்காய் நாள். ஒவ்வொரு வருடமும் அந்த வாரத்தில்தான் பெரிய அவரை விதையை ஊன்றுகிறார். எனக்கும் ஒரு பொட்டலம் விதை கொடுத்தார்.

ஆக, 2024-இல் பானையை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு மண்ணைத் தேற்றினேன். பென்டோனைட் களிமண் தூள் இரண்டு மூட்டை, மூட்டைக்கு 20 கிலோ. பாத்தி முழுக்கத் தூவி, மண்வெட்டி ஆழத்துக்குக் கலந்து கொத்தினேன். தூளைத் தூவும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மாவு மாதிரி பறக்கும். அதன் மேல் ஆட்டு எரு, மக்கிய உரம், வீட்டுக் காய்கறிக் கழிவு மக்கியது. மழை இறங்கியதும் தாத்தா கொடுத்த அவரையையும் வெந்தயத்தையும் அடர்த்தியாக விதைத்தேன். குளிர்காலம் முழுக்க ஒரு வாளி தண்ணீர் ஊற்றவில்லை, வானமே பார்த்துக்கொண்டது. வீட்டுக்குத் தேவையான வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் முள்ளங்கியும் அந்த மழையிலேயே வந்தன. செப்டம்பரில் பாதி அவரையைக் காய்க்கு விட்டுவிட்டு மீதியை வேரோடு மடக்கி மண்ணுக்குள் போட்டேன்.

அக்டோபரில் மறுபடி பானையைப் புதைத்தேன், இந்த முறை வேறு மாதிரி. பானையைவிடக் கையகலம் பெரிதாகக் குழி. களிமண் தூள், மக்கிய உரம், பாத்தி மண் மூன்றையும் தண்ணீரில் குழைத்து இட்லி மாவுப் பதத்தில் குழியின் அடியிலும் பக்கத்திலும் ஊற்றி, அதற்குள் பானையை அழுத்தி உட்கார வைத்தேன். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே காற்று நிற்கக் கூடாது. காற்று நின்ற இடத்தில் கசிவு மண்ணைப் போய்ச் சேராது. கழுத்து இரண்டு விரல் வெளியே. மேலே ஒரு சாண் உயரத்துக்கு லூப்பின் என்ற பயறுச் செடியின் வைக்கோல். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில் லூப்பின் ஏராளமாக விளைவதால் அதன் சக்கை இங்கே எளிதாகக் கிடைக்கிறது. மக்கினால் மண்ணுக்கும் நல்லது.

இரண்டு கோடைக்கும் தண்ணீர்க் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பானைக்கு முன்பு, ஒன்பது லிட்டர் பூவாளியில் காலை மூன்று, மாலை மூன்று, ஆக நாளுக்கு 54 லிட்டர் அந்தப் பாத்திக்குப் போனது. இந்த இரண்டாவது கோடையில் ஒரு பானை வேலைக்கு ஆகாமல் போக (அதைப் பிறகு சொல்கிறேன்), மிச்சம் ஐந்தையும் சாதாரண நாளில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை நிரப்பினேன், அதாவது நாளுக்குச் சுமார் 16 லிட்டர். 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் தினமும் திறந்து பார்த்து மேலே நிரப்பினேன். நாற்று நட்ட முதல் மூன்று வாரம் மேலேயும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மிச்சம். குறிப்புத்தாள் சொன்ன 70 சதவீதம் என் பாத்தியில் வரவில்லை, அறுபதுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், மூன்று நாள் பன்பரி போய் வர முடிந்தது. திரும்பி வந்தபோது செடி தலை தொங்காமல் நின்றது.

எது வந்தது, எது வரவில்லை என்று சொல்கிறேன். கத்தரிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை காய் வருவது நிற்கவே இல்லை. மிளகாயும் அப்படியே. தக்காளியில் முன்பெல்லாம் காயின் அடி கறுத்து அழுகும். தண்ணீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் இல்லை என்று ஏறி இறங்குவதால் வருகிற நோய் அது, இந்த வருடம் ஒன்றிரண்டு காயோடு போய்விட்டது. பாகல் பந்தலை நிறைத்தது. வெண்டைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதன் ஆணிவேர் தானே ஆழத்துக்குப் போய்த் தேடிக்கொள்கிறது. கொத்தவரைக்குப் பானை தேவையே இல்லை, அதற்குக் காய்ந்த நிலம் பழக்கம். கீரை மட்டும் ஏமாற்றம். மேல் மண் எப்போதும் காய்ந்தே இருப்பதால் தூவிய விதை முளைப்பதில்லை. அரைக்கீரை, தண்டுக்கீரை வேண்டுமானால் தனியாகத் தொட்டியில் போடுங்கள். மேல் மண் காய்ந்திருப்பதில் ஒரு லாபமும் உண்டு, கோடை முழுக்கக் களை எடுக்கவே இல்லை.

செடியைப் பானையிலிருந்து ஒரு சாணுக்குள் நடுங்கள். ஒரு முழம் தள்ளி நட்ட இரண்டு மிளகாய்ச் செடி கடைசி வரை குட்டையாகவே நின்றன. என் மண்ணில் ஈரம் பானைச் சுவரிலிருந்து ஒன்றரைச் சாண் வரைதான் பரவுகிறது. இதைத் தோண்டித் தோண்டித் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பானையை வெளியே எடுத்தேன். எளிதில் வரவில்லை. சுற்றிலும் மண்ணைத் தளர்த்திக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியபோது, பானை தெரியவே இல்லை. கத்தரி வேர் அதை முழுக்கப் போர்த்தியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய வெள்ளை வேர், ஒன்றோடொன்று பின்னி, வயிற்றுப் பகுதியில் கம்பளித் துணி மாதிரி கனமாக, அடிப்பக்கம் வரும்போது சல்லடையாக. விரலால் ஓரிடத்தில் விலக்கினேன். அடியில் பானைச் சுவர் ஈரமாக, செம்மண் நிறத்தில் பளபளத்தது. வேர் அந்தச் சுவரில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதை அறுத்து எடுக்கவே மனசு வரவில்லை. என் பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, பானைக்குச் சட்டை" என்றாள்.

இனி குறைகள். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டியவை இவை. ஆறில் ஒன்று கழுத்துக்குக் கீழே மயிரிழை விரிசலோடு வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, தட்டிப் பார்த்தபோதுதான் சத்தம் மட்டமாகக் கேட்டது. மானாமதுரைப் பானையைத் தட்டி வாங்கிய பழக்கம் உதவியது. படம் அனுப்பியதும் வேறு அனுப்பினார்கள், பதினேழு நாள் ஆனது. இன்னொன்று வேர்க்கவே இல்லை. இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்: பானை வந்ததும் தண்ணீர் நிரப்பி நிழலில் காய்ந்த சிமென்ட் தரையில் வையுங்கள். சில மணி நேரத்தில் வெளிச்சுவர் நிறம் மாறிக் கறுக்க வேண்டும், மறுநாள் காலையில் அடியில் ஈர வட்டம் தெரிய வேண்டும். என்னுடையதில் ஒன்று இரண்டு நாள் கழித்தும் வெளுப்பாகவே இருந்தது. அதிகம் வெந்துவிட்டதோ, உள்ளே ஏதாவது பூச்சு இருந்ததோ, எப்படியானாலும் பாசனத்துக்கு ஆகாது. முதல் கோடையில் இது தெரியாமல் அதையும் புதைத்திருந்தேன். இப்போது அது வாசலில் செம்பருத்திப் பூ போட்டு வைக்கிற பானை.

பானைக்குள் குழாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் ஒரு வாரம் ஒரு பானையில் ஊற்றினேன். நாலாம் நாளே மூடியைத் திறந்ததும் புளித்த நாற்றம். உட்சுவரில் வழவழவென்று படலம் கட்டிக் கசிவு பாதியாகக் குறைந்துவிட்டது. மீன் கரைசல், கடல்பாசிக் கரைசல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான், அவற்றை நேராகச் செடி அடியில் ஊற்றுங்கள். அரிசித் தண்ணீர் இப்போது கறிவேப்பிலைக்குப் போகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பும் உண்டு. கெட்டிலில் படிகிற வெள்ளைப் பொருக்கு பானைத் துளையையும் மெல்ல அடைக்கும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் பழையபடி வேர்க்கிறது. சோப்பு போடாதீர்கள், சுவர் அதைக் குடித்துக்கொள்ளும். மூடி இல்லாமல் ஒருநாளும் விடாதீர்கள். கொசு முட்டையிடும், அதோடு தாகத்துக்கு வந்த சின்னப் பல்லி உள்ளே விழுந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகிவிட்டது.

42 டாலர் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு: பன்னிங்ஸ் கடையில் கிடைக்கிற பூச்சு இல்லாத சுடுமண் பூந்தொட்டியில் ஒரே அளவில் இரண்டை வாங்கி, வாயோடு வாய் வைத்து சிலிகோன் பசையால் ஒட்டி, அடித்துளையை ஒரு ஓட்டுச் சில்லால் அடைத்தால் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. நான் செய்து பார்த்த ஒன்றுக்குப் பதினைந்து டாலருக்குள் ஆனது. மேல்துளை சிறிது, நிரப்பப் புனல் வேண்டும், ஒட்டின இடம் எத்தனை வருடம் தாங்கும் என்று இன்னும் பார்க்க வேண்டும். கசிவில் குறையில்லை. வாங்கிய பானைக்கு உள்ள அனுகூலம் உருண்டை வயிறு. அதில் வேர் சுற்றுவதற்கு இடம் அதிகம், வாயும் அகலம்.

சொட்டுநீர்க் குழாயும் முன்பு வைத்திருந்தேன். பெரிய தோட்டத்துக்கு அதுதான் சரி, ஆறு பானையை நிரப்பலாம், அறுபதை நிரப்ப முடியாது. ஆனால் இந்த மணலில் ஒவ்வொரு சொட்டும் நேர்க்கோட்டில் கீழே இறங்கும், ஒரு கையளவு தள்ளியுள்ள வேருக்குக் கிடைக்காது. வெயிலில் குழாய் முறுகி உடைந்ததும் தனி. மண்ணைத் தேற்றாமல் அதைப் போட்டதும் பானையில் செய்த அதே தவறுதான் என்று இப்போது தெரிகிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், வீடு மாறும்போது தோண்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் டிசம்பரில் வாங்கி அன்றைக்கே வெறும் மணலில் புதைக்கிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். பணமும் போகும், செடியும் போகும், பானைப் பாசனமே பொய் என்ற எண்ணமும் வந்துவிடும். மார்ச், ஏப்ரலில் களிமண்ணும் எருவும் வாங்குங்கள், மழைக்கு மண்ணை ஒப்படையுங்கள், அக்டோபரில் பானையை வாங்குங்கள். கோடைப் பாத்தியையும் சிறிதாக்குங்கள். நான் முன்பு போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது கோடையில் போடுகிறேன். மீதி இடம் வைக்கோல் போர்வையில் தூங்குகிறது, மழை வந்ததும் அதில் பூண்டும் பட்டாணியும் அவரையும். வீட்டுக்கு வருகிற காய் குறையவில்லை. எந்த மாதத்தில் எது என்பதுதான் மாறியது.

மதிப்பெண் கேட்டால், பானைக்கு ஐந்துக்கு நாலு. பொட்டலம் கட்டியதற்கும் குறிப்புத்தாளுக்கும் இரண்டு. எந்த மண்ணானாலும் சரி என்ற அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, மணல் நிலமென்றால் முதலில் மண்ணைத் தேற்றுங்கள் என்று எழுதினால் குறிப்புத்தாளுக்கும் நாலு கொடுப்பேன். இதை அவர்களுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறேன்.

இன்று காலையில் ஐந்து பானையையும் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் தாத்தா கயிறு பிடித்து அவரைக்கு வரிசை போட்டுக்கொண்டிருக்கிறார். என் விதை நேற்று ராத்திரியே ஊறப்போட்டாயிற்று. இன்னும் நாலு பானைக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வரும். வந்ததும் சிமென்ட் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை வேர்த்தது என்று இங்கேயே கீழே எழுதுகிறேன்.